சிவப்பு எந்தப் பக்கம்?

ஆறிப்போன ஓர் உலையின் பின்பக்கத்தில் ஹெயர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹீற்றருக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டாயிற்று. ஐசொலேற்றரிலும் பூட்டுத் தொங்குகிறது. கொன்ட்ரோலருக்கு மட்டும் தனி வயரில் மின்சாரம். முன்பக்கம் நின்ற தம்பி எண்ணை வாசித்துக்கொண்டிருந்தான்.

"இருபத்திரண்டு... பதினெட்டு... பன்னிரண்டு... அண்ணை, இறங்குது!"

"இறங்கட்டும். வாசிச்சுக்கொண்டே இரு."

"சைபர்... மைனஸ் நாலு!"

சூடான காற்றை ஊதுகிறேன். வெயில் விழும் அறை. ஆனால் கொன்ட்ரோலரோ உறைநிலைக்குக் கீழே போய்விட்டதாகச் சொல்கிறது. அந்த உலை இருந்த ஆய்வுகூடத்தை மூன்று கிழமையாக அலைக்கழித்த கோளாறு எங்கே இருக்கிறது என்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. அது நான் செய்த பிழை என்பதும் விளங்கியது. நான் செய்ததை இன்னொருவர் செய்யாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் லண்டன் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தது 2005இல். ஆய்வுகூடங்களிலும் சின்னத் தொழிற்சாலைகளிலும் இருக்கும் உலைகள், இன்கியூபேற்றர்கள், குளிர் அறைகள் ஆகியவற்றின் பழைய கொன்ட்ரோலர்களைக் கழற்றிப் புதியதைப் பூட்டிக் கொடுப்பது என் வேலை. 1938இல் சார்ள்ஸ் ஹோல்டனும் ரெஜினால்ட் யூரனும் வடிவமைத்த எங்கள் ஸ்டேஷனின் உயர்ந்த செங்கல் கூடத்தை கருவிப் பையோடு கடக்காத நாள் குறைவு. எங்கள் ஹாரோப் பகுதிக்கு இந்த வேலை புதிதும் அல்ல. 1891 முதல் 2016 வரை இங்கே கோடாக் தொழிற்சாலை இயங்கியது. படத்தாளில் பூசும் கலவையின் சூடு சில பாகை தவறினாலும் முழுச் சுருளும் வீணாகக்கூடிய தொழில் அது. சூட்டைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் எப்போதும் வேலை இருந்தது.

நான் முதலில் சொன்ன உலை அவ்வளவு பெரியது அல்ல. மேசை மேல் வைக்கும் பெட்டி உலை, 3 கிலோவாற். உணவுப் பொருட்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. மேற்கு லண்டன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே அதிகம் சோதிப்பது மசாலாச் சாமான்கள். மிளகாய்த்தூளைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் நிறுத்து 550 பாகையில் எரித்தால் கரிமப் பொருள் எல்லாம் போய்ச் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலின் எடை கூடினால் தூளில் மண்ணோ செங்கல் பொடியோ கலந்திருக்கலாம். நாங்கள் கடையில் வாங்கிக் கறிக்குப் போடும் தூளின் மாதிரியும் இப்படி ஓர் உலைக்குள் போயிருக்கக்கூடும்.

கராஜில் கட்டிய பெட்டி

பழைய கொன்ட்ரோலர் செத்துவிட்டது. புதியதை அங்கே போய் நேரே பூட்டாமல், வீட்டுக் கராஜ் மேசையிலேயே முழுப் பெட்டியையும் கட்டிச் சோதித்துவிட்டுக் கொண்டுபோவது என் வழக்கம். தம்பியும் கூட இருந்தான். யாழ்ப்பாணத்தில் மின் வேலை பழகிவிட்டு வந்தவன். கை சுத்தம், கேள்வி கேட்கத் தயங்கமாட்டான்.

48 மில்லிமீற்றர் சதுர முகம் கொண்ட கொன்ட்ரோலருக்குத் தகட்டில் 45 மில்லிமீற்றர் சதுரமாக ஓட்டை வெட்டவேண்டும். வெட்டிய தூள் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் பிறகு எங்கேயாவது ஷோர்ட் ஆகும். அதனால் முதலில் வெட்டு, பிறகு துடை, கடைசியாகத்தான் மின்சாமான் உள்ளே போகும்.

கொன்ட்ரோலர் நேரடியாக ஹீற்றரை ஓட்டுவதில்லை. 12 வோல்ற் சைகையைச் சொலிட் ஸ்ரேற் றிலேக்கு அனுப்பும். அந்த றிலேதான் 230 வோல்ற்றைத் திறந்து மூடும். 3 கிலோவாற் என்றால் 13 அம்பியர். அவ்வளவு ஓடும்போது றிலே ஏறக்குறைய ஓர் அம்பியருக்கு ஒரு வாற் கணக்கில் சூடாகும். அந்தச் சூடு வெளியேற அலுமினிய வெப்பத்தகடு வேண்டும். தகடு செங்குத்தாக நிற்கவேண்டும். மேலும் கீழும் காற்று ஓட இடம் வேண்டும்.

இந்த றிலே பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதாகும். அதாவது, கொன்ட்ரோலர் 'நிறுத்து' என்று கத்தினாலும் ஹீற்றர் எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அதற்கு முன்னே தொடரில் கொன்ராக்டர் என்னும் பெரிய சுவிட்ச் ஒன்று. அதை இயக்குவது வேறொரு சின்னக் கருவி, அதற்குச் சொந்தமாக வேறொரு உணரி. சூடு எல்லை தாண்டினால் அது கொன்ராக்டரைத் தட்டிவிட்டு அப்படியே நிற்கும். ஒரு மனிதர் வந்து பொத்தானை அழுத்தும்வரை திரும்பப் போடாது.

"ஒரு சென்சரே காணுமே அண்ணை? கொன்ட்ரோலருக்குள்ளேயே அலாரம் இருக்கே?"

"கண் தெரியாதவனிட்ட வழியும் கேட்டு, அவனையே காவலுக்கும் வைக்கிறதா தம்பி? முதலாவது கண் பிழைச்சால் சொல்ல ரெண்டாவது கண் வேணும்."

அந்த வசனம் மூன்று கிழமைக்குப் பிறகு என் காதிலேயே திரும்ப ஒலித்தது.

உணரி வயரை மின்வயரோடு சேர்த்துக் கட்டக்கூடாது. இந்த உலையின் உணரி கே வகைத் தெர்மோகப்பிள். அது ஒரு பாகைக்குத் தருவது ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ற். பக்கத்தில் ஓடுவது 230 வோல்ற், ஐம்பது இலட்சம் மடங்குக்கு மேல். சந்தையில் ஒருவர் காதுக்குள் இரகசியம் சொல்வதைக் கேட்பது மாதிரித்தான். அதனால் வேறு வழியால் கொண்டுபோகவேண்டும். கடந்தே ஆகவேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கவேண்டும். முறுக்கிய இழை வயர்களின் நுனிக்கு ஃபெரூல் போட்டு நசுக்கி, இழுத்துப் பார்த்து, திருகாணியை முறுக்கினோம். அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் ஐசொலேற்றரைப் பூட்டி, சோதனைக் கருவியை உயிருள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு எங்கள் வயரில் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்து, திரும்பவும் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்த்தோம். இந்த மூன்று தொடுதலையும் நான் ஒருநாளும் விட்டதில்லை.

விட்டது வேறொன்றை.

எல்லாம் சரி, சாம்பல் மட்டும் பிழை

உலையின் பின்சுவரில் தெர்மோகப்பிள் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்னப் பீங்கான் கட்டை. இரண்டு பித்தளைத் திருகாணிகள், ஒன்றில் கூட்டல், ஒன்றில் கழித்தல். அங்கிருந்து கொன்ட்ரோலர்வரை போன பழைய கேபிள் வெடித்துப் போயிருந்தது. என் பெட்டியில் கே வகைக்கான நல்ல கேபிள் ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு வயர், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு.

"எது பிளஸ் அண்ணை?"

"சிவப்பு."

யோசிக்காமல் சொன்னேன். ஊரில் பற்றரியில் பழகிய நாளிலிருந்து சிவப்பு என்றால் கூட்டல். தம்பி பீங்கான் கட்டையில் சிவப்பைக் கூட்டலில் பூட்டினான். கொன்ட்ரோலரிலும் சிவப்பைக் கூட்டலில் பூட்டினான். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. உலையின் உள்ளே நீட்டியிருந்த நுனியைக் கையால் பிடித்துச் சூடாக்கிப் பார்த்தேன், எண் ஏறியது. திசை சரி என்று திருப்திப்பட்டேன்.

பிறகு ஓட்டோ டியூன் ஓடவிட்டோம். அதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பால் பொங்க இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து விறகை வைக்கிறார். நெடுநேரமாகியும் பொங்கவில்லையென்றால் இன்னொரு கட்டையைத் தள்ளுகிறார். திடீரென்று வேகமாக எழும்பினால், பொங்குவதற்கு முன்பே விறகை இழுக்கிறார். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரமாக, எவ்வளவு வேகமாக என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவதுதான் பி.ஐ.டி. 1922இல் நிக்கொலாஸ் மினோர்ஸ்கி கப்பலைத் தானாகத் திருப்பும் முறை பற்றி எழுதியபோது, சுக்கான் பிடிப்பவர்கள் செய்வதைக் கவனித்துத்தான் இந்தக் கணக்குக்கு வந்தார். அந்த மூன்றுக்கும் எவ்வளவு நிறை கொடுப்பது என்று பார்த்து வைக்க 1942இல் சீக்லரும் நிக்கல்ஸும் ஒரு நடைமுறை தந்தார்கள். இன்றைய கொன்ட்ரோலர் ஹீற்றரைப் போட்டு நிறுத்தி, உலை எப்படி அசைகிறது என்று பார்த்து, அந்த நிறைகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

எங்களுடையதும் கண்டுபிடித்தது. எண் 550இல் போய் நின்றது. ஒரு பாகை ஏறவில்லை, ஒரு பாகை இறங்கவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர் அழைத்தார். ஒரே மிளகாய்த்தூளின் ஒரு பகுதியைச் சரிபார்ப்பதற்காக இன்னோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். தன்னுடைய சாம்பல் எடை அவர்களுடையதைவிடக் குறைவாக வந்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். தராசைச் சோதித்துவிட்டார், கிண்ணங்களை மாற்றிவிட்டார், ஆட்களையும் மாற்றிச் செய்து பார்த்துவிட்டார். மிஞ்சியது உலைதான்.

உலையைப் போட்டோம். 550 காட்டியது. காற்றுத் துளைக்குள்ளால் என்னுடைய அளவுத்திருத்தம் செய்த தனி உணரியை விட்டேன். கையில் இருந்த மானி 617 காட்டியது.

நம்ப முடியவில்லை. அறுபத்தேழு பாகை கூட. அந்தச் சூட்டில் சாம்பலில் இருக்கவேண்டிய பொட்டாசிய, சோடிய உப்புகளில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடக்கூடும். எடை குறைவதில் அதிசயம் இல்லை. உலை ஆறியபிறகு பார்த்தால் இரண்டு மானியும் ஒரே எண், 22. ஆறினால் சரி, சூடானால் பிழை. இரண்டாவது காவல் உணரியின் எல்லையை 700இல் வைத்திருந்தோம், அதுவும் தட்டவில்லை. உலை எரிந்து போகாமல் காப்பது அதன் வேலை. அறுபத்தேழு பாகைப் பிழையைப் பிடிப்பது அதன் வேலை அல்ல, என்னுடையது. அப்போதுதான் பின்சுவரின் பீங்கான் கட்டைக்கு ஹெயர் டிரையரைப் பிடித்தேன்.

இரண்டு தடவை மாறினால்

தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகள் ஒரு நுனியில் சேர்ந்தது. 1821இல் தோமஸ் சீபெக் கண்டது இதைத்தான்: இரண்டு உலோகங்களைச் சேர்த்து, சேர்ந்த இடத்துக்கும் மறுமுனைக்கும் இடையே சூட்டு வித்தியாசம் உண்டாக்கினால் மின்விளைவு பிறக்கும். ஆகவே கொன்ட்ரோலருக்குக் கிடைப்பது உலையின் சூடு அல்ல. உலைக்கும் தனக்கும் இடையிலான வித்தியாசம். தன் சொந்தச் சூட்டைத் தானே அளந்து அதோடு கூட்டித்தான் 550 என்று சொல்கிறது.

இந்தக் கணக்குப் பலிக்கவேண்டுமென்றால், அந்த இரண்டு உலோகங்களும் கொன்ட்ரோலர்வரை மாறாமல் வந்து சேரவேண்டும். அதற்குத்தான் கே வகைக்கென்று தனிக் கேபிள். நாங்கள் அந்தக் கேபிளைப் பீங்கான் கட்டையில் மாற்றிப் பூட்டினோம். கொன்ட்ரோலரில் இன்னொரு தடவை மாற்றிப் பூட்டினோம். இரண்டு மாற்றமும் சேர்ந்ததால் திசை சரிபோலத் தெரிந்தது. ஆனால் நடுவே இருந்த கேபிள் முழுவதும் தலைகீழாக வேலை செய்தது. கூட்டவேண்டிய இடத்தில் கழித்தது.

உலை ஓடும்போது பின்சுவரின் பீங்கான் கட்டை 60 பாகைக்குப் போகிறது. கொன்ட்ரோலர் பெட்டிக்குள் 25. வித்தியாசம் 35. அந்த 35ஐக் கேபிள் கூட்டியிருக்கவேண்டும், அதற்குப் பதிலாகக் கழித்தது. ஆகவே பிழை 35 அல்ல, அதன் இருமடங்கு, சுமார் 70. கொன்ட்ரோலர் அவ்வளவு குறைவாக வாசித்தது. குறைகிறதே என்று அவ்வளவு கூடுதலாக எரித்தது. உலை ஆறியபிறகு கட்டையும் பெட்டியும் ஒரே சூடு, வித்தியாசம் சைபர், அதன் இருமடங்கும் சைபர். அதனால்தான் ஆறும்போது பிழை மறைந்தது.

எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்: தெரியாத ஒருவர் அந்தத் தனிக் கேபிளுக்குப் பதில் சாதாரணச் செம்பு வயரைப் போட்டிருந்தால் பிழை 35ஓடு நின்றிருக்கும். சரியான கேபிளைப் பிழையாகப் பூட்டியதால் இரட்டித்தது.

நிறங்களின் கதை

அந்த மஞ்சள்–சிவப்புக் கேபிள் அமெரிக்க முறைக் கேபிள். அமெரிக்க முறையில் தெர்மோகப்பிளின் சிவப்பு எப்போதும் கழித்தல். ஜேர்மனியின் பழைய முறையில் கே வகைக்குச் சிவப்புக் கூட்டல், பச்சை கழித்தல். இன்றைய சர்வதேச முறையில் பச்சை கூட்டல், வெள்ளை கழித்தல். ஆகவே பச்சை ஒரு பெட்டியில் கழித்தல், இன்னொரு பெட்டியில் கூட்டல். பிரித்தானியாவின் பழைய முறையில் மண்ணிறம் கூட்டல், நீலம் கழித்தல். இன்று இந்த நாட்டில் எந்த வீட்டு வயரைத் திறந்தாலும் மண்ணிறமும் நீலமும்தான். அவற்றில் ஓடுவது 230 வோல்ற். பழைய ஆய்வுகூடத்தில் அந்த இரண்டு நிறத்தைக் கண்டு 'இது உணரி வயர்தானே' என்று யாரும் கை வைக்கக்கூடாது.

மின்வயரிலும் இதே கதைதான். ஊரில் மூன்று பேஸ் என்றால் எங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. அது பிரித்தானியர் விட்டுப்போன முறை. இந்தியாவில் இன்றும் ஆர், ஒய், பி என்றுதான் சொல்கிறார்கள். நான் இங்கே வந்த 2005இல் பிரித்தானியாவே மாறிக்கொண்டிருந்தது. 2004 மார்ச் 31 முதல் புதிய நிறங்களைப் பாவிக்கலாம். 2006 ஏப்ரல் முதல் தொடங்கும் வேலைகளில் புதியவை மட்டுமே. மண்ணிறம், கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ், நீலம் நியூட்ரல். பழைய முறையில் நியூட்ரலாக இருந்த கறுப்புப் புதிய முறையில் பேஸ். பேஸாக இருந்த நீலம் நியூட்ரல். இரண்டு நிறமும் இடம் மாறிக்கொண்டன. இந்த இரண்டு வருடத்தில் ஒரே கட்டடத்தில் இரண்டு முறையும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அப்படியான இடத்தில் எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்பது அப்போதைய விதி. ஒட்டியிருக்கும் என்று நம்பிக் கை வைப்பது விதி அல்ல.

அந்த வருடங்களில் பழகியவன் நான். 230 வோல்ற் விஷயத்தில் ஒருபோதும் நிறத்தை நம்பியதில்லை. ஆனால் மைக்ரோவோல்ற் வயர் கொல்லாது என்பதாலோ என்னவோ, அங்கே மட்டும் நிறத்தை நம்பிவிட்டேன். கொல்லாததும் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி ஆய்வுகூடப் பொறுப்பாளரான அந்தப் பெண் மூன்று கிழமையாகத் தன் கைகளைச் சந்தேகப்பட்டார். அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

உலோகத்திடம் கேளுங்கள்

திருத்துவதற்கு அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. இரண்டு முனையிலும் மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றினோம். திரும்ப ஹெயர் டிரையரைப் பிடித்தேன்.

"இருபத்திரண்டு... இருபத்திரண்டு... அசையேல்லை அண்ணை."

அசையக்கூடாது. உலையின் நுனி ஆறி இருக்கும்போது நடுவில் உள்ள கட்டையைச் சூடாக்கினால், ஒரு பக்கம் குறைவதைக் கேபிள் ஈடு செய்யவேண்டும். ஆகவே இந்த வேலை செய்பவர்கள் இரண்டு சோதனை செய்யுங்கள். நுனியைச் சூடாக்குங்கள், எண் ஏறவேண்டும். பிறகு இணைப்புக் கட்டையைச் சூடாக்குங்கள்; எண் நிற்கவேண்டும். முதலாவதை மட்டும் செய்தவன் நான்.

இன்னொரு வழி, அதைவிடச் சுலபம். கே வகையின் கழித்தல் கம்பி அலுமெல் என்னும் கலப்புலோகம், காந்தத்தில் ஒட்டும். கூட்டல் கம்பியான குரோமெல் ஒட்டாது. அதே உலோகங்களால் செய்த நீட்டிப்புக் கேபிளிலும் அப்படித்தான். வேறு மலிவான உலோகங்களால் செய்த ஈடுசெய் கேபிளில் மட்டும் இது பலிக்காது; அங்கே ஹெயர் டிரையர்தான் கை கொடுக்கும். ஒரு சின்னக் காந்தம் சட்டைப் பையில் இருந்தால் எந்த நாட்டு நிறமும் உங்களை ஏமாற்றாது.

உலையைப் போட்டு, மூன்று வெப்பநிலைகளில் தனி உணரியோடு ஒப்பிட்டு, அந்த எண்களை எழுதிக் கையெழுத்திட்டுப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். அந்த மூன்று கிழமைச் சோதனைகளைத் திரும்பச் செய்யும் செலவில் என் பங்கையும் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. எப்படி நடந்தது என்று தாளில் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்து காட்டினேன். அந்தத் தாள் இப்போது உலைப் பெட்டியின் கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கிறது. அதில் தம்பியின் எழுத்தில் பெரிதாக ஒரு வரி, இந்தக் கேபிளில் சிவப்புக் கழித்தல் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை கராஜ் மேசையில் கே வகை நீட்டிப்புக் கேபிள் துண்டுகள் ஐந்தை வெட்டி வைத்தேன். மஞ்சளும் சிவப்பும் ஒன்று, பச்சையும் வெள்ளையும் ஒன்று, மண்ணிறமும் நீலமும் ஒன்று, சிவப்பும் பச்சையும் ஒன்று, நிறமே தெரியாமல் கருகிப்போனது ஒன்று. ஒவ்வொன்றிலும் கழித்தல் எது என்று தம்பியிடம் கேட்டேன். அவன் துண்டுகளைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பையிலிருந்து காந்தத்தை எடுத்து, ஒவ்வொரு கம்பி நுனியாகத் தொட்டுக்கொண்டு போனான். ஐந்தும் சரி.